மூன்று நாள் சட்டை

மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகரில் குடியிருக்கும் தமிழர்களுக்குச் சாண்டவுன் பார்க் என்பது முதலில் ஒரு ரயில் நிலையத்தின் பெயர். ஸ்பிரிங்வேலைத் தாண்டியதும் வரும், நோபிள் பார்க்குக்கு முன்னால். டாண்டினாங்கில் வீடு இருப்பவர்கள், காரம் டவுன்ஸில் உள்ள சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகிறவர்கள், நகரத்தில் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள் என்று எத்தனையோ பேர் தினமும் அந்தப் பெயரைக் கடக்கிறார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெளி. நடுவே புல், தூரத்தில் நீண்ட பார்வையாளர் மாடம். குதிரைப் பந்தய மைதானம் என்று நினைத்து விட்டுவிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் குதிரைகள் ஓடும் புல்வெளியைச் சுற்றி 3.1 கிலோமீட்டருக்கு ஒரு தார்ச்சாலையும் வளைந்து போகிறது. அதில்தான் சாண்டவுன் 500 ஓடியது: 161 சுற்று, கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர், ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள்.

2016 செப்டம்பரில் அந்தப் பந்தயத்துக்கு வந்த கார்களைப் பார்த்தவர்களுக்குச் சற்றுத் தலை சுற்றியிருக்கும். வி8 எஞ்சின், அன்றைய தொழில்நுட்பம், அன்றைய ஓட்டுநர்கள். ஆனால் மேலே போர்த்தியிருந்தது எழுபதுகளின் கோடு, எண்பதுகளின் நீலம், தொண்ணூறுகளின் எழுத்து. குழுவினரின் சட்டையும் தொப்பியும்கூடப் பழைய மாதிரி. பழமை வாரம், ‘ரெட்ரோ ரவுண்ட்’, என்று அதற்குப் பெயர். முந்தைய ஆண்டு அமெரிக்காவில் டார்லிங்டன் ஓவலில் நாஸ்கார் பந்தயக்காரர்கள் இதே விளையாட்டை விளையாடி வெற்றி கண்டிருந்தார்கள். ஆஸ்திரேலிய சூப்பர்கார்ஸ் தொடர் அடுத்த ஆண்டே சாண்டவுனில் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

வண்ணம், கோடு, எண், விளம்பரம் எல்லாம் சேர்ந்த இந்தக் கோலத்தைப் பந்தய உலகில் ‘லிவரி’ என்பார்கள். நான் சட்டை என்றே சொல்லப்போகிறேன். காரணம் கட்டுரை போகப்போகத் தெரியும்.

சாதாரணமாக இது ஒரு விற்பனை உத்தி. பழைய நினைவைக் கிளறு, தொப்பி விற்கும், பொம்மைக் கார் விற்கும். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் சாண்டவுனில் இது தொடங்கிய நேரம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பந்தயம் நடந்து மூன்று வாரத்துக்குள், 2016 அக்டோபர் 7 அன்று, அதே மெல்பர்ன் நகரத்தின் வடக்கே பிராட்மெடோஸில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலை கடைசிக் காரை வெளியே அனுப்பிவிட்டு மூடியது. அடுத்த ஆண்டு சாண்டவுனில் கேமரன் வாட்டர்ஸும் ரிச்சி ஸ்டானவேயும் ஃபோர்டு ஃபால்கனில் வென்றார்கள். வென்றது உற்பத்தியே இல்லாத கார். 2017 அக்டோபர் 3 அன்று டொயோட்டாவின் ஆலை மூடியது, 20 அன்று ஹோல்டனின் ஆலை. மூன்றாவது ஆண்டுப் பழமை வாரம் வந்தபோது ஆஸ்திரேலியாவில் பெரிய அளவில் கார் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றும் மிச்சமில்லை.

டூரிங் கார் பந்தயத்தின் உயிரே உள்ளூர்க் காரில்தான் இருந்தது. ஃபார்முலா ஒன் காரை யாரும் வீட்டு வாசலில் நிறுத்த முடியாது. டூரிங் கார் அப்படியல்ல. அப்பா வேலைக்கு ஓட்டிப்போகும் அதே நான்கு கதவுக் கார், ஞாயிற்றுக்கிழமை கூரையதிரக் கத்திக்கொண்டு ஓடும். ஹோல்டன் வீடு, ஃபோர்டு வீடு என்று தெருக்கள் பிரிந்து கிடந்தன. ஒரு வீட்டில் பிறந்தவன் மறு கட்சிக்குப் போனால் அது குடும்பச் சண்டை. டாண்டினாங்கில் 1956-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹோல்டனுக்கு ஒரு ஆலை வந்தது. ஆலைக்கு ஆள் வந்து போகவே அதே ரயில் தடத்தில், சாண்டவுனைத் தாண்டிச் சில நிறுத்தங்களில், ‘ஜெனரல் மோட்டார்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருந்தது. ஆலை போய்ப் பல வருடம் கழித்து, 2002-இல் நிலையத்தையும் மூடிவிட்டார்கள். காருக்கு ஒரு நிலையம், பந்தயத்துக்கு ஒரு நிலையம், இரண்டும் ஒரே தடத்தில்.

ஹோல்டனின் பூர்வீகம் இன்னும் வேடிக்கையானது. 1856-இல் அடிலெய்டில் குதிரைச் சேணம் தைக்கும் கடையாகத் தொடங்கியது அந்தக் குடும்பத் தொழில். 1948-இல்தான் ஹோல்டன் பெயரில் ஆஸ்திரேலியாவின் சொந்தக் கார் வந்தது. சேணக்காரர் வீட்டுக் கார், குதிரை மைதானத்தைச் சுற்றி ஓடி ஜெயித்த ஊர் சாண்டவுன்.

தடம் திறந்தது 1962 மார்ச்சில். முதல் பெரிய பந்தயத்தை ஜாக் பிராபம் வென்றார். நீண்ட தூரத்துக்கான முதல் முயற்சி 1964-இல் நடந்த ஆறு மணி நேரப் பந்தயம். அந்த ஆண்டும் மறு ஆண்டும் ஜெயித்தது இத்தாலிய ஆல்ஃபா ரோமியோ. 1968-இல் மூன்று மணி நேரப் பந்தயமாக மறுபிறப்பு எடுத்தது. தூரம் மாறியது, விளம்பரதாரர் மாறினார், 1984-இல் 500 கிலோமீட்டர் ஆனது. பிறகு 2008-இலிருந்து நான்கு ஆண்டு அந்த இடத்தை ஃபிலிப் ஐலண்ட் எடுத்துக்கொண்டு, 2012-இல் திரும்பக் கொடுத்தது. பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு வேலை மட்டும் மாறவில்லை: அக்டோபரில் வரும் பேத்தர்ஸ்ட் பெரும்பந்தயத்துக்கு ஒத்திகை. இரண்டாவது ஓட்டுநர்கள் இங்கேதான் கை பழகினார்கள். இருக்கை மாறுவது, டயர் மாற்றுவது, எரிபொருள் நிரப்புவது என்று பிட் நிறுத்தத்தில் ஒவ்வொரு நொடியும் எங்கே கசிகிறது என்று குழுவுக்குத் தெரிந்ததும் இங்கேதான்.

தடம் பார்க்கச் சாது. இரண்டு நீண்ட நேர்வழி, இரண்டின் முனையிலும் திருப்பம். பின்பக்க நேர்வழி மேடேறிப் போகிறது. உச்சியில் வளைந்து வளைந்து இறங்கி மறுபடி டாண்டினாங் சாலைப் பக்கம் வந்து சேரும். நேர்வழியில் சேர்த்த வேகத்தையெல்லாம் முனையில் பிரேக்கில் கொட்டித் தீர்க்க வேண்டும். 161 முறை. ஓட்டுநரைவிடப் பிரேக்கைத்தான் சாண்டவுன் அதிகம் சோதிக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வதில் மிகை இல்லை. மாடத்தில் உட்கார்ந்தால் ஏறக்குறைய முழுத் தடமும் தெரியும். குதிரைக்காகக் கட்டிய மாடம் அல்லவா, சுற்று முழுவதும் கண்ணில் படவேண்டும் என்று கட்டியது.

இந்தத் தடத்துக்கு ஒரு சொந்தக்காரர் உண்டென்றால் அது பீட்டர் பிராக். ஒன்பது முறை வென்றார். அதில் 1975 முதல் 1981 வரை தொடர்ந்து ஏழு. பேத்தர்ஸ்டிலும் ஒன்பது, 1979-இல் அங்கே ஜிம் ரிச்சர்ட்ஸோடு ஓட்டி ஆறு சுற்று வித்தியாசத்தில் வென்று, கடைசிச் சுற்றில் சாதனை வேகமும் போட்டது இன்றும் கதையாக ஓடுகிறது. அந்தக் கார் ஹோல்டன் டொரானா. வெள்ளைமேல் சிவப்பு. பழமை வாரம் என்று சொன்னவுடனே ஆஸ்திரேலிய ரசிகரின் மனக்கண்ணில் வருவது அந்தச் சிவப்புதான்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சிவப்பு மார்ல்போரோ சிகரெட் அட்டையின் சிவப்பு.

இது ஒரு கார் விஷயம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த அழகான சட்டைகளை எண்ணிப் பாருங்கள். ஜிம் ரிச்சர்ட்ஸ் 1985-இலும் 1987-இலும் ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்ற பி.எம்.டபிள்யூ, கறுப்பில் பொன் கோடு: ஜான் பிளேயர் ஸ்பெஷல். நிஸான் அணியின் கார்கள்: பீட்டர் ஜாக்சன், பிறகு வின்ஃபீல்டு. டோனி லாங்ஹர்ஸ்டின் பி.எம்.டபிள்யூ: பென்ஸன் அண்ட் ஹெட்ஜஸ். எல்லாம் புகை. 1992-இல் புகையிலை விளம்பரத் தடைச் சட்டம் வந்து, 1995 முடிவோடு கார்களின் மேலிருந்த சிகரெட் பெயர்கள் போய்விட்டன. ஆகவே ஒரு ரசிகர் ‘எங்கள் காலத்து வண்ணம்’ என்று கண் கலங்கும்போது அவர் கலங்குவது பெரும்பாலும் ஒரு சிகரெட் பெட்டியின் வடிவமைப்பைப் பார்த்து. வடிவமைப்பாளர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள். பெயரை எடுத்த பிறகும் கண் அதைப் படித்துவிடுகிறது.

பழமை வாரத்தில் இந்தச் சட்டைகளைத் தைப்பவர்கள் ஒரு கழைக்கூத்து ஆட வேண்டியிருக்கிறது. கோடு அப்படியே இருக்கலாம், நிறம் இருக்கலாம், எண் இருக்கலாம். சிகரெட்டின் பெயர் மட்டும் கூடாது. அந்த இடத்தில் இன்றைய விளம்பரதாரரின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஏறத்தாழ அதே அளவில். நினைவில் இருப்பதைத் தணிக்கை செய்து திருப்பிக் கொடுக்கிறார்கள். சட்டம் சரிதான், சிகரெட் பெயர் குழந்தைகள் பார்க்கும் காரில் வேண்டாம். ஆனால் பழையது அப்படியே திரும்பி வருகிறது என்று நாம் நம்புகிறோமே, அதுதான் உண்மையில்லை.

பிராக்கின் காரில் இன்னொரு முரணும் உண்டு. அவர் எண் 05. விக்டோரியா மாநிலத்தில் வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் மது 0.05-ஐத் தாண்டக்கூடாது என்ற விதியை நினைவூட்டத்தான் அந்த எண். 1975-இல் போட்டது, வாழ்நாள் முழுக்க அவரோடு ஒட்டிக்கொண்டது. 1978-இல் அவர் ஹோல்டன் டீலர் அணிக்குத் திரும்பியபோது, குடித்துவிட்டு ஓட்டாதே என்ற எண்ணைச் சுமந்த கார் சிகரெட் விற்றுக்கொண்டும் ஓடியது. அந்தக் காலத்துக்கு அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பிராக் 2006 செப்டம்பர் 8 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு ராலியில் இறந்தார்.

சிகரெட் இல்லாத சட்டையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். டிக் ஜான்சன் என்ற குவீன்ஸ்லாந்துக்காரர் 1980-இல் கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு ஃபால்கனைத் தயார் செய்து பேத்தர்ஸ்டுக்கு வந்தார். முன்னணியில் போய்க்கொண்டிருந்தவர், சாலையில் கிடந்த ஒரு பாறையைத் தவிர்க்க முடியாமல் மோதினார். கார் நாசம். தொலைக்காட்சியில் மனம் உடைந்து பேசினார். நாடெங்கும் தொலைபேசி ஒலித்தது. மக்கள் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். சேரும் ஒவ்வொரு டாலருக்கும் தன் பக்கம் ஒரு டாலர் என்று ஃபோர்டு ஆஸ்திரேலியாவின் எட்ஸல் ஃபோர்டு வாக்குக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 1,44,000 டாலர் அளவில் வந்தது. அந்தப் பணத்தில் பிறந்த கார் 1981-இல் ஆஸ்திரேலியப் பட்டத்தையும் பேத்தர்ஸ்டையும் ஜான்சனுக்கு வென்று கொடுத்தது.

அந்தக் காரின் நிறம் நீலம், பெயர் ட்ரூ-புளூ. தேசபக்தி மணக்கிற பெயர் என்று தோன்றும். உண்மையில் அது ஒரு நிறுவனம் விற்ற எஃகுக் குழாயின் பெயர். அதே நிறுவனத்தின் இன்னொரு சரக்கின் பெயரில் அடுத்து வந்தது பச்சைக் கார், கிரீன்ஸ்-டஃப். 1983-இல் பேத்தர்ஸ்ட் தகுதிச் சுற்றில் ஜான்சன் அந்தப் பச்சைக் காரை மரங்களுக்குள் கொண்டுபோய்ச் சிதைத்தார். இரவோடு இரவாக வேறொருவரின் காரை வாங்கி, அதற்குப் பச்சை அடித்து, மறுநாள் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊர் கூடி வாங்கிக் கொடுத்த கார் என்பதால் அந்த நீலமும் அதைத் தொடர்ந்த பச்சையும் யார் சொத்தும் இல்லை, எல்லாருடைய சொத்தும்.

அன்றைக்கு பெயிண்ட்; இன்றைக்கு யாரும் அடிப்பதில்லை. எழுபதுகளில் எழுத்துக் கலைஞர் ஒருவர் கையில் தூரிகையோடு கதவு முன் உட்கார்ந்து எண்ணை வரைந்தார். கிட்டப் போனால் தூரிகை போன தடம் தெரியும். இப்போது கணினியில் வரைந்து, வினைல் தாளில் அச்சிட்டு, ஹீட் கன்னால் இளக்கி, காற்றுக் குமிழ் இல்லாமல் தேய்த்து ஒட்டுகிறார்கள். வேலை எளிதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். டொரானா பெட்டி போல நேரான உடம்பு. அதன் பக்கவாட்டில் முன்னிருந்து பின் வரை நூல் பிடித்தாற்போல ஓடிய கோட்டை, புடைத்தும் குழிந்தும் கிடக்கும் இன்றைய காரின்மேல் போட்டால் அது பாம்பாக நெளியும். நேராகத் தெரிய வேண்டுமானால் வளைத்து வரைய வேண்டும். சிவப்பு எந்தச் சிவப்பு என்பது இன்னொரு தலைவலி. பழைய புகைப்படங்கள் வெளிறியிருக்கும், தொலைக்காட்சிப் பதிவு ஆரஞ்சு காட்டும், ரசிகர் நினைவிலோ அது எப்போதும் பளீரென்றிருக்கும். கடைசியில் நினைவின் நிறத்தைத்தான் அச்சிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அதுதான் விற்கும்.

இத்தனை பாடுபட்டு ஒட்டியதை அதே வாரத்திலேயே 500 கிலோமீட்டர் ஓட விட்டார்கள். கல் தெறிக்கும், ரப்பர் துணுக்கு அப்பும், இன்னொருவன் கதவு உரசும். முன்மூலை நசுங்கினால் பிட்டில் பிய்த்து எறிந்துவிட்டு, ஒட்டாத வெற்றுத் துண்டை மாட்டி அனுப்புவார்கள்; எண்பதுகளின் உடம்பில் இன்றைய கறுப்பு மூக்கு. காட்சிக்கூடத்தில் துடைத்து வைத்திருக்கும் பழைய காரைவிட இப்படிக் கிழிந்து ஓடும் போலிதான் பழைய பந்தயத்துக்கு நெருக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கார்களும் இப்படித்தான் அழுக்காக வீடு திரும்பின.

பழைய கள், புதிய மொந்தை என்பார்கள். இங்கே தலைகீழ்: மொந்தை பழசு, கள் புதுசு. கள்ளும் வேறு கடைக் கள். 2018-இல் ஜேமி வின்கப்பும் பால் டம்ப்ரலும் சாண்டவுனை வென்ற ஹோல்டன் காமடோர், கடையில் விற்ற வடிவில் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த ஓப்பல். பெயர்ப்பலகை மட்டும் ஹோல்டன். 2020 பிப்ரவரியில் அந்தப் பெயரையும் முடித்துக்கொள்வதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 2023-இலிருந்து சூப்பர்கார்ஸில் ஃபோர்டு மஸ்டாங்கும் செவ்ரோலே காமரோவும் மோதிக்கொண்டன, இரண்டும் அமெரிக்கப் பெயர். இடையில் நின்றிருந்த சாண்டவுன் 500 அந்த ஆண்டு திரும்பி வந்தபோது பழமை வாரமும் கூடவே வந்தது. புரோக் ஃபீனியும் வின்கப்பும் காமரோவில் வென்றார்கள். 2024-இல் வில் பிரவுனும் ஸ்காட் பையும், அதுவும் காமரோதான். அந்த ஆண்டு மாடலோடு செவ்ரோலே காமரோவையும் நிறுத்திவிட்டது. இல்லாத நிறுவனத்தின் நினைவை, இல்லாத காரின்மேல் ஒட்டி ஓட்டினார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒன்றே ஒன்று ஸ்டிக்கர் இல்லை. 1965 பிப்ரவரியில் சாண்டவுனில் பயிற்சி ஓட்டத்தின்போது லெக்ஸ் டேவிசன் இறந்தார். ஆஸ்திரேலிய கிராண்ட் பிரியை நான்கு முறை வென்றவர். அவர் பேரன் வில் டேவிசன் சூப்பர்கார்ஸில் ஓட்டியவர். பேத்தர்ஸ்டை இரண்டு முறை வென்றவர், டிக் ஜான்சன் பெயர் தாங்கிய அணிக்காகவும் ஓட்டியவர். தாத்தா முடிந்துபோன தடத்தில் பேரன் ஒவ்வொரு சுற்றும் அந்த இடத்தைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

சாண்டவுனுக்கே இனி எத்தனை சுற்று என்பதும் கேள்விதான். நிலம் மெல்பர்ன் ரேசிங் கிளப்புக்குச் சொந்தம். நூறு ஹெக்டேருக்கு மேல், ரயில் நிலையம் வாசலில். அங்கே ஆயிரக்கணக்கில் வீடு கட்டும் யோசனை பல வருடமாகச் சுற்றி வருகிறது. வீட்டு வாடகை கொடுத்து மூச்சுத் திணறும் டாண்டினாங்வாசியிடம் போய்க் கார்ப் பந்தயம் முக்கியமா வீடு முக்கியமா என்று கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2025-இல் 500 கிலோமீட்டர் பந்தயம் தென் ஆஸ்திரேலியாவின் டெய்லம் பெண்டுக்குப் போனது; சாண்டவுனுக்கு மிஞ்சியவை அதைவிடக் குறுகிய பந்தயங்கள். டெய்லம் பெண்ட் தடம் 2018-இல் திறந்தது. முன்பு அந்த நிலத்தில் இருந்தது மிட்சுபிஷி தன் ஆஸ்திரேலியக் கார்களை ஓட்டிச் சோதித்த களம். மிட்சுபிஷி அடிலெய்டு ஆலையை மூடியது 2008-இல்.

சாண்டவுனில் பழமை வாரப் பந்தயம் முடிந்த ஞாயிறு இரவு கார்கள் லாரியேறிப் பட்டறைக்குத் திரும்பும். பேத்தர்ஸ்டுக்கு நாள் நெருங்கிவிட்டது; விளம்பரதாரர்களுக்கு அங்கே தங்கள் வழக்கமான நிறம் வேண்டும். மறுபடி ஹீட் கன். கதவு ஓரத்தில் நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, சூடு காட்டி, மெல்ல இழுக்கிறார்கள். சிவப்பும் வெள்ளையும் எண்ணும் கோடும் ஒரே தாளாகச் சுருண்டு வருகிறது, பாம்பு வேலியோரம் விட்டுப்போகும் சட்டை மாதிரி. தரையில் விழுகிறது. அடுத்த தாள் மேசைமேல் தயாராக இருக்கிறது.